இங்கே எடுக்காவிட்டால்

இல்லை அப்பா, எறியவில்லை. கழற்றினேன். அவ்வளவுதான்.

பெட்டி இப்போதும் யன்னலோரத்தில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. ஒரு வயர் இணையத்துக்கு. இன்னொன்று நம்முடைய பழைய போனுக்கு. போனின் கைப்பிடியில் உங்கள் பெருவிரல் அடையாளம், கிறீசில். துணியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. முகர்ந்தேன். எஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய். கை கழுவ நேரமில்லாமல் ஓடிவந்து எடுத்த அத்தனை அழைப்புகளின் மணம்.

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போக வேண்டும். லீவு முடிந்துவிட்டது. பூட்டிய வீட்டுக்குள் மூன்று நாடுகள் மாறி மாறி மணியடிப்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

ஆகவே கழற்றினேன்.

*

மண்ணெண்ணெய் இல்லாத அந்த வருடம் நினைவிருக்கிறதா என்று உங்களைக் கேட்பது அபத்தம். பேசாலைக் கரையில் ஓடாமல் கிடந்த வள்ளங்கள் வெயிலில் காய்ந்து வெடித்தன. உங்களிடம் திருத்துவதற்கு ஒரு எஞ்சினும் வரவில்லை. "ஓடாத எஞ்சின் பழுதாகாது, பிள்ளை" என்று சிரித்தீர்கள். அண்ணா சிரிக்கவில்லை. ஒரு காலையில் அவன் பாயில் இல்லை. யாரோ ஒழுங்கு செய்த பெரிய படகில் போய்விட்டான் என்பது பிறகு தெரிந்தது. எங்கே என்பதற்கு ஆளுக்கொரு கதை. அவுஸ்திரேலியா. இல்லை, பிரான்சுக்குச் சொந்தமான ஏதோ ஒரு தீவு. இல்லை, கனடாவுக்குக் கொண்டுபோகிறவர்கள். இராமேசுவரத்தைத் தாண்டியிருக்க மாட்டான் என்றவர்களும் உண்டு.

ஒரேயொரு தடவை போன் எடுத்தான். நான் வவுனியாவில். நீங்கள் சொல்லித்தான் தெரியும். முற்றத்தில், தண்ணீர்ப் பீப்பாவுக்குள் திருத்திய வள்ள எஞ்சின் ஒன்றை இறக்கி ஓடவிட்டிருந்தீர்கள். அந்தச் சத்தத்தில் மணி பிந்தித்தான் கேட்டது. ஓடினீர்கள். "அப்பா" என்றான். இன்னொரு தடவை "அப்பா." பிறகு ஒன்றுமில்லை. திரையில் எண்ணும் இல்லை.

"காசு முடிஞ்சிருக்கும்" என்றீர்கள். அதற்கு மேல் எந்தக் காரணத்தையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. பயம் இல்லை, பொலிஸ் இல்லை, கடல் இல்லை. காசு மட்டும்தான்.

நான் வந்ததும் கேட்டீர்கள். "அவன் நிக்கிற நாட்டிலை அது உள்ளூர்க் கோல் மாதிரி இருக்கோணும். மணி இஞ்சை அடிக்கோணும். அப்பிடி ஏதும் இருக்கோ?"

இருந்தது. இணையத்தில் ஒரு நாட்டின் எண்ணை வாங்கலாம். அழைக்கிறவருக்கு அது பக்கத்துத் தெரு எண். குரல் இணையத்தின் வழியாக நம் யன்னலோரப் பெட்டிக்கு வந்துவிடும். அவுஸ்திரேலியா, பிரான்ஸ், கனடா என்று மூன்று எண்கள் எடுத்தோம். இந்திய எண் மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. தலைமன்னாரில் நின்றால் வெளிச்சம் தெரிகிற நாடு. அதற்குத்தான் வழியில்லை.

மூன்றுக்கும் மூன்று விதமான மணி வைக்கச் சொன்னீர்கள். எந்த நாட்டில் நிற்கிறான் என்று எடுப்பதற்கு முன்பே தெரிய வேண்டுமாம்.

ரொறன்ரோவிலிருந்து மச்சாள், உங்கள் அக்காவின் மகள், முதன்முதலாக அடித்துப் பார்த்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"ஹலோ, மாமா?"

"வையாதை!" என்று கத்தினீர்கள், போனை வைத்துவிடாதே என்று.

"மாமா, நான்தான். நீங்கள்தானே அடிச்சுப் பார்க்கச் சொன்னனீங்கள்?"

"ஓம், ஓம். கனடா சரி. இப்ப வை."

"சுகமோ எண்டு ஒரு சொல்லுக் கேக்க மாட்டீங்களோ?"

"லைன் பிசியாக் கிடக்கக் கூடாது. வை பிள்ளை, வை."

நானும் அவளும் சிரித்தோம். நீங்கள் அடுத்த மணிக்குக் காத்திருந்தீர்கள்.

எண்களை மச்சாள் அண்ணாவின் படத்தோடு முகநூலில் போட்டாள். அந்தந்த ஊர்த் தமிழ்க் கடைச் சுவர்களிலும் கோயில் பலகைகளிலும் ஒட்டுவித்தாள். மணி அடிக்கத்தான் செய்தது. எல்லாம் பிழையான ஆட்கள். யார் அழைத்தாலும் உங்கள் முதல் சொல் "வையாதை." பெயர் கேட்பது, சுகம் கேட்பது எல்லாம் அதற்குப் பிறகு. பிரான்சிலிருந்து ஒரு பெண் எதையோ விற்பதற்குப் போன் எடுத்தாள். நீங்கள் "வையாதை" என்றீர்கள். அவள் வைக்கவே இல்லை. விளங்காத பாஷையில் அவள் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டீர்கள்.

"ஏனப்பா கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்?"

"வைக்க வேண்டாம் எண்டு நான்தானே சொன்னனான். பிறகு எப்பிடி நான் வைக்கிறது?"

*

எண்கள் வாங்கிய அன்று, அந்த இணையக் கணக்கின் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. "இங்கே எடுக்காவிட்டால்" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதைக் காட்டி, என்ன என்று கேட்டீர்கள்.

"இஞ்சை ஒருத்தரும் எடுக்காட்டி, இல்லாட்டி பெட்டி வேலை செய்யாட்டி, கோல் வேறை நம்பருக்குப் போகும். ஒண்டும் போடாட்டி அதோடை நிண்டிடும்."

"ஆரின்ரை நம்பர்?"

"ஆரின்ரையும்."

நான் வெறுமையாகவே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

போன பெரிய வெள்ளிக்கு வந்தபோது சொன்னேன். போதும் அப்பா, நிப்பாட்டுவம் என்று. கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். கோபப்படவில்லை. "உனக்கு வேண்டாமெண்டா நீ எடுக்காதை. மணி அடிச்சிட்டுப் போகட்டும்."

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம், பீப்பாவுக்குப் பக்கத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நீங்கள். பக்கத்து வீட்டார் சத்தம் நிற்காததைக் கண்டுதான் வந்தார்கள்.

*

கழற்றினேன் என்றேன். பச்சை வெளிச்சம் அணைந்தது. வீடு உடனே பெரிதாகிவிட்டது.

இனி யாராவது அடித்தால் என்ன கேட்கும்? இந்த எண் இல்லை என்று ஒரு குரல் சொல்லுமா? ஒன்றுமே கேட்காதா? தெரிந்துகொள்ளத் தோன்றியது. என் கைத்தொலைபேசியில் கனடா எண்ணை அழுத்தினேன். காதில் வைத்தேன்.

மணி போனது.

பெட்டி கழன்று கிடக்கிறது. வயர் என் காலடியில். மணி போகிறது.

அப்போது என் கைக்குள் போன் அதிர்ந்தது. இன்னொரு அழைப்பு. காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அழைப்பது என் எண். என்னுடைய சொந்த எண், என்னையே.

போனைக் கீழே விட்டுவிட்டேன். சீமெந்து நிலத்தில் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. ஒரு கணம், எழுதக் கூச்சமாக இருக்கிறது, நீங்கள்தான் என்று நினைத்தேன். குனிந்து எடுத்தேன். அழுத்தினேன். யாருமில்லை. மறுமுனையில் காத்திருந்ததும் நான்தான்.

விளங்குவதற்கு நேரம் எடுத்தது. நான் வெறுமையாக விட்ட கட்டத்தை நீங்கள் நிரப்பியிருக்கிறீர்கள். எஞ்சினோடு வரும் ஆங்கிலக் கைநூல்களை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர். என் எண்ணை எப்போதோ ஒரு நாள் ஒற்றை விரலால் அழுத்தியிருக்கிறீர்கள். பெரிய வெள்ளிக்கு முன்பா, பின்பா? நீ எடுக்காதே என்று சொன்ன வாய்.

என்னை ஏன் கேட்கவில்லை?

கேட்டால் மறுத்திருப்பேன் என்று தெரியும் உங்களுக்கு.

கதிரையில் போய் இருந்தேன். இருந்த பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது.

உங்கள் அடக்கத்தன்று, கோயிலில், என் போன் அதிர்ந்தது. "தெரியாத எண்." சாமியார் சவப்பெட்டிக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். பைக்குள் கை விட்டுக் கட் பண்ணினேன். துக்கம் விசாரிக்கிற யாரோ என்று நினைத்தேன். அல்லது ஒன்றுமே நினைக்கவில்லை. பிறகு அது நினைவிலும் இல்லை.

அன்று வீட்டில் மின்சாரம் இருந்ததா, யன்னலோரப் பெட்டியில் பச்சை வெளிச்சம் எரிந்ததா, தெரியாது. வீட்டில் எடுப்பதற்கு ஆளில்லை. அது மட்டும் தெரியும். கணக்கைத் திறந்தேன். அந்த அழைப்பு அதில் இருந்தது. பிரான்ஸ் எண்ணின் வழியாக வந்திருக்கிறது. இங்கே யாரும் எடுக்காததால் என்னிடம் வந்திருக்கிறது. அழைத்தவரின் எண் மறைக்கப்பட்டிருக்கிறது.

எதையோ விற்கிற பெண்ணாக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும். எனக்கு நானே பல தடவை சொல்லிவிட்டேன். ஆனால் அவன் என்றால், அப்பா? அவன் என்றால், நான் உங்களுக்குப் பக்கத்தில் நின்றபடி அவனுடைய போனை வைத்துவிட்டேன். எஞ்சின் சத்தத்தில் ஒரு தடவை. கோயில் மணிச் சத்தத்தில் ஒரு தடவை.

உங்களுடைய ஒரேயொரு சொல்லைக்கூட நான் சொல்லவில்லை.

*

மச்சாளுக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை. பஸ்ஸில் நின்றாள்.

"மச்சாள், ஒண்டு கேக்கோணும். கேட்டிட்டுத்தான் செய்வன்."

"என்னடி, குரல் ஒரு மாதிரி?"

சொன்னேன். என் எண்ணைப் பற்றி, கோயிலைப் பற்றி. அவள் பக்கத்தில் பஸ் நிறுத்தத்தின் பெயரை யாரோ அறிவித்தார்கள். கதவு திறந்து மூடியது.

"நான் எடுக்காட்டி அடுத்ததா உங்கடை நம்பரைப் போடட்டோ?"

"நீ அண்டைக்கு நிப்பாட்டச் சொன்னனீயெல்லே?"

"ஓம். சொன்னனான்."

"அவன் கோல் எடுத்தா, மாமாவைப் பற்றி நான் என்னெண்டடி சொல்லுறது?"

"ஒண்டும் சொல்ல வேண்டாம். முதல் 'வையாதை' எண்டு சொல்லுங்கோ. அது போதும்."

"வேலையிலை நிண்டா என்னாலையும் எடுக்கேலாமப் போகும்."

"அப்ப உங்களுக்குப் பிறகு ஆர் எண்டு நீங்கள் ஆரையாவது கேளுங்கோ. ஆனாக் கேளுங்கோ. அப்பா மாதிரிச் சொல்லாமப் போடாதேங்கோ."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள். "மனிசன் செய்த வேலையைப் பார். சரி, போடு."

*

மூன்று எண்களையும் இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்தேன். என் எண்ணுக்குக் கீழே மச்சாளின் எண்ணைப் போட்டேன். பெட்டியைத் திரும்பச் செருகவில்லை. அது கழன்று கிடந்தால் அழைப்பு இங்கே நின்று மணியடிக்காமல் நேரே என்னிடம் வரும். பழைய போனின் கைப்பிடியை மீண்டும் துடைக்காமல் விட்டேன். யன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். பின்னேர பஸ்ஸில் ஏறினேன். போனைப் பைக்குள் வைக்கவில்லை.