ஷேரு இன்னும் குரைக்கவில்லை

ஜூலை 3, வியாழன்

விடாத மழை. பால்கனித் துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

காலையில் டோம்பிவிலி. நாய்க்குட்டி பார்க்க. செம்பூரிலிருந்து குர்லாவில் வண்டி மாறி, நின்றுகொண்டே போனேன். குட்டி, பிறந்து ஐம்பது நாள். வெள்ளை வெளேரென்று. பதினைந்து வருடம் இருக்கும் என்றார் விற்பவர், பெருமையாக. எனக்கு இப்போது அறுபத்தேழு. கூட்டிப் பார்த்தேன். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மாலை மாட்டுங்கா. டொரன்டோவில் உட்கார்ந்துகொண்டு மகள் வித்யா தேடிப் பிடித்த வீடு. ரம்யா என்ற பெண், பாலக்காட்டுக் குடும்பம். கணவனுக்கு சிங்கப்பூரில் வேலை, 18ஆம் தேதி கிளம்புகிறார்கள். நாயைக் கொண்டுபோக முடியாதாம். ஷிட்ஸு ஜாதி, ஆண், ஆறு வயது. பெயர் ஷேரு. பெயர் சிங்கம், அளவு முயல். முடி தரையைப் பெருக்குகிறது. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

பிடித்துவிட்டது. ஆறு வயது என்பதும் சௌகரியம். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாக முடித்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது படியில் தரைத்தளத்துக் கமலா மாமி. "லலிதா போனப்பறம் உங்காத்துலேர்ந்து ஒரு சத்தம் கிடையாது. நீங்க இருக்கேளா இல்லையான்னே தெரியலை. இப்படின்னா இருக்கணும்!" பாராட்டுதான். மனைவி போய்ப் பதினான்கு மாதம்.

ஜூலை 5, சனி

மழை, இடைவெளி விட்டு. ஷேரு வந்துவிட்டான். ஒரு பை, ஒரு சீப்பு, ஒரு பழைய போர்வை. ரம்யா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது:

தினமும் சீவ வேண்டும். காதுக்குப் பின்னால், கால் இடுக்கு, வயிறு. சிடுக்கு அங்கேதான்.
சிடுக்கு எடுக்காமல் குளிப்பாட்டவே கூடாது. (இரண்டு தடவை சொன்னாள்.)
கண்ணில் விழாமல் உச்சி முடிக்கு ரப்பர் பேண்ட்.
வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது.
ஹிந்திதான் புரியும்.

"பஹுத் நக்ரா, ரொம்ப அடம் பண்ணுவான் அங்கிள். ஆனா நல்லவன்."

அப்புறம் நிபந்தனை. "பதினாலாம் தேதி வந்து பாக்கறேன். செட் ஆகலைன்னா டோம்பிவிலியில என் நாத்தனார் இருக்கா, அவ எடுத்துப்பா. ரெண்டு குழந்தைங்க இருக்கு, இவனுக்கு டைம்பாஸ் ஆகும்."

செட் ஆனது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பெல் அடிச்சா குரைப்பான் அங்கிள். பில்டிங்கையே தூக்கிடுவான். ஆனா தன் வீடுன்னு நெனைச்சாத்தான். வேற யாராத்துக்குக் கூட்டிண்டு போனாலும் சுப்-சாப், வாயே திறக்க மாட்டான்."

அவள் போனதும் கதவடியில் மூக்கை வைத்துப் படுத்தான். சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு.

ஜூலை 7, திங்கள்

கனமழை. ரயில் தாமதம் என்று டிவி. எனக்கென்ன, எந்த ரயில் போனால்?

மணி அடித்தது நான்கு தடவை: பால், குப்பை, இஸ்திரிக்காரர், வேறு வீட்டுக்கு வந்த கூரியர். குரைப்பு இல்லை. காதுகூட அசையவில்லை.

நடை. குடை, கயிறு, பை. மூன்று கை வேண்டும். என் ஹிந்தி ஆபீஸில் மேலதிகாரிகளிடம் கற்றது. நாயிடமும் "ஆயியே, பைட்டியே" என்றே வருகிறது. அவன் வரவுமில்லை, உட்காரவுமில்லை. வித்யாவிடம் போனில் சொன்னேன். "அப்பா, நாய்க்குப் போய் இவ்ளோ மரியாதையா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. நான்கு நிமிடம். அப்புறம் அவளுக்கு மீட்டிங்.

ஷேரு: இரண்டு பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர்.

ஜூலை 9, புதன்

தூறல். முழங்கால் வலி. பல்பு வாங்க மறந்தேன், மறுபடியும்.

இன்று சீவ விட்டான். சோபாவில் நிற்கவைத்து, வாலிலிருந்து மேல்நோக்கி. காதை நானே தூக்குமுன் அவனே திருப்பிக் கொடுத்தான். பழகிய கை என்று தெரிந்திருக்கும்.

பழகிய கைதான். லலிதாவுக்கு மருத்துவமனை லேபில் காலை ஆறு மணி ஷிப்ட். வித்யாவுக்குத் தலை பின்னுவது என் வேலை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை. ரெட்டைப் பின்னல், மடித்து ரிப்பன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் நான்தான். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் கழுத்தளவு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இனிமே உனக்கு வேலை மிச்சம்பா." நல்லதாப் போச்சு என்றேன்.

அவளுக்குத் தமிழ் படிக்க வராது. தைரியமாக எழுதலாம்: அன்றைக்குக் குளியலறையில் அழுதேன்.

முடி தரையைப் பெருக்கும் இந்த நாயை ஏன் பார்த்ததுமே பிடித்துவிட்டது என்று இன்றுதான் எனக்கே புரிந்தது.

தயிர்சாதம் கையிலிருந்து சாப்பிட்டான். நான்கு வாய்.

ஜூலை 12, சனி

வெயில்! பத்து நாளுக்கு அப்புறம். துணி முழுவதும் காய்ந்தது.

சனிக்கிழமை, வெயில், கையில் முடி. வேறென்ன தோன்றும்? நல்லெண்ணெயை லேசாகச் சூடு பண்ணி, தலை முதல் வால் வரை. சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டான். அரை மணி ஊறவைத்து சீயக்காய். எண்ணெய் போகவில்லை, இன்னும் கொஞ்சம் சீயக்காய். முதலில் சிடுக்கு எடுத்தேனா? இல்லை. முடி வளர எண்ணெய்க் குளியல் மாதிரி உண்டா என்று அவனுக்கே விளக்கம் வேறு.

பிற்பகல் 3 மணி. காயவில்லை. கால் இடுக்கிலும் வயிற்றிலும் முடி சேர்ந்து கயிற்றுப் பாய் மாதிரி இறுகிவிட்டது. சீப்பு பட்டால் கத்துகிறான். வலது கண்ணைத் திறக்கவில்லை. தண்ணீர் கொட்டுகிறது.

டாக்டர் நாளைக் காலைதான் என்கிறார்கள். என்ன காரியம் செய்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி மழை. ஆட்டோ கிடைக்க முக்கால் மணி. ஷேருவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் ஏதோ பச்சை மருந்து விட்டு, விளக்கு அடித்துப் பார்த்தார். சீயக்காய்த் தூள். கருவிழியில் கீறல். சொட்டு மருந்து தினம் ஆறு தடவை. கண்ணைச் சொறியாமலிருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக். முடி முழுவதும் எடுத்தாக வேண்டும், தோலை இழுக்கிறது.

முடி வெட்டியது செல்வி என்ற பெண். தாராவி, திருநெல்வேலிப் பேச்சு. "எண்ணெ தேச்சியளா? சீயக்காயும் போட்டியளா? பொறவு சாம்பிராணிப் புகை மட்டும் ஏன் விட்டுட்டிய அண்ணாச்சி?" சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "மொகத்த அப்பிடி வச்சுக்கிடாதிய. முடி நாலு மாசத்துல வந்துரும். கண்ணத்தான் பாத்துக்கிடணும்."

தரையில் கிடந்த முடி நாயைவிடப் பெரிய குவியல். அது போனால், உள்ளே இவ்வளவுதான். தோலுரித்த சேப்பங்கிழங்கு. நடுங்கினான். என் பனியனைச் சுற்றிக் கொண்டுவந்தேன்.

நாளை ரம்யா வருகிறாள்.

ஜூலை 14, திங்கள்

காலையில் மூன்று தடவை போனை எடுத்தேன், வராதே என்று சொல்ல. மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு மணி அடித்தது. குரைப்பு இல்லை.

கதவைத் திறந்தேன். "அரே தேவா! அங்கிள், ஏ க்யா கியா? என்ன பண்ணிட்டீங்க இவனை?" தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஷேரு ஓடினான். பிளாஸ்டிக் புனல் அவள் முழங்காலில் இடிக்க இடிக்க, முனகி முனகி. என்னிடம் ஒரு நாளும் இப்படி ஓடி வந்ததில்லை.

எண்ணெய், சீயக்காய், ஒன்று விடாமல் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"குரைச்சானா அங்கிள்?"

"ரெண்டு தடவை" என்றேன்.

ஷேருவைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக, "இவன் ரெண்டோட நிறுத்த மாட்டான் அங்கிள்."

புதன்கிழமை சாயங்காலம் நாத்தனார் வந்து கூட்டிக்கொண்டு போவாளாம். "உங்க மேல கோபம் இல்லை. ப்ராமிஸ்." படியில் இறங்கும்போது அழுதாள், கேட்டது.

வித்யாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சொட்டு மருந்து: 6, 9, 12, 3, 6, 9. ஒவ்வொரு தடவையும் மடியில் தலை. முதலில் திமிறினான். மூன்று மணிக்குத் தானே வந்து மல்லாந்தான். கண் பாதி திறந்தது. சிவப்பு குறைவு.

இன்று வேறு ஒரு வேலையும் செய்யவில்லை. பல்பும் வாங்கவில்லை. சீவவும் முடி இல்லை, சும்மா தடவிக்கொண்டிருந்தேன். போகாதேடா என்று சொன்னேன். தமிழில்தான். அவனுக்கு எங்கே புரியப்போகிறது.

நாளைக்கு அவன் போய்விட்டால் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது. இதை ஒருவரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே.

ஜூலை 16, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

அவன் பையைக் கட்டினேன். போர்வை, சீப்பு (நான்கு மாதத்துக்கு வேண்டாம், இருந்தாலும்), மருந்துச் சீட்டு. "எண்ணெய் கூடாது" என்று பெரிய எழுத்தில் ஒரு காகிதம்.

பகல் 2.10. சோபாவில் நான், என் கால்மேல் அவன். மணி அடித்தது.

ஷேரு எழுந்தான். ஒரு கணம் என்னைப் பார்த்தான். அப்புறம் குரைத்தான். அப்பா, என்ன குரல்! அந்தச் சேப்பங்கிழங்கு உடம்பில் இது எங்கே இருந்தது? புனல் வேறு, ஒலிபெருக்கி கட்டினாற்போல. இஸ்திரிக்காரர் துணியை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினார்.

நிறுத்தவில்லை. ரம்யாவுக்குப் போன் போட்டு அவன் பக்கம் நீட்டினேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பஸ் அங்கிள், போதும். நாத்தனாரை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

பையைப் பிரித்தேன்.

மாலை 5 மணி. மறுபடி வாசல் மணி, மறுபடி குரைப்பு. கமலா மாமி. இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு. "என்ன இது, மத்தியானத்துலேர்ந்து உங்காத்துல ஒரே ரகளை! செத்த கண்ணசர முடியலை!"

பதினான்கு மாதத்தில் இந்த வீட்டைப் பற்றி வந்த முதல் புகார். மன்னிப்புக் கேட்டேன். மாமி படியிறங்கி முடியும்வரை கதவைச் சாத்தவில்லை. ஷேரு அதுவரை குரைத்தான். நான் தடுக்கவில்லை.