வெள்ளிக்கிழமை பார்த்த தாஜ்மஹால்

அடியே,

உன் எவர்சில்வர் அடுக்கு நேற்று தபாலில் வந்தது. டெக்சாஸில் ரவுண்ட் ராக்கிலிருந்து உன் மகள் பழைய துணியெல்லாம் சுற்றிப் பத்திரமாக அனுப்பியிருக்கிறாள். மூடியைத் திறந்தால் புளிக்காய்ச்சல் வாசனை அப்படியே இருக்கிறது. எத்தனையோ டிஷ்வாஷர் பார்த்த பாத்திரம். பெருங்காயத்தை நீ கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இங்கே கலிபோர்னியாவில், சான்டா கிளாரா வீட்டுச் சமையலறையில் நின்றபடி நன்றாக அழுதேன். அப்புறம் காபி போட்டுக் குடித்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நாம் டெல்லியில் வேலை பார்த்தபோது, லீவு நாளென்றால் நம்மோடு இந்த அடுக்கும் கிளம்பிவிடும். மதுரா, குருக்ஷேத்திரம், ஃபதேபூர் சிக்ரி என்று எங்கே போனாலும் கீழ்த்தட்டில் புளியோதரை, மேல்தட்டில் தயிர்சாதம். விடியற்காலையில் கிளம்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹாஸ்டல் திரும்ப வேண்டும் என்பது உன் சட்டம். "ஒரு நாளைக்கு ஒரு ஊர்தான்டி. ரெண்டு ஊர் பார்த்தா ஒண்ணையும் பார்க்கலைன்னு அர்த்தம்" என்பாய். சிக்ரியில் மற்றவர்களெல்லாம் அரண்மனையைப் படமெடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். நீயோ ஒரே தூணின் முன்னால் உட்கார்ந்துவிடுவாய், எழுப்பிக் கூட்டிவருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆக்ராவுக்கு நாள் குறித்ததும் நீதான். ஊரிலிருந்து வந்த தினசரி காலண்டரை வைத்துக்கொண்டு ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் பார்த்து, அப்பழுக்கில்லாத ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்தாய். வெள்ளிக்கிழமை தாஜ்மஹாலுக்கு விடுமுறை என்பதை மட்டும் நாம் இருவருமே பார்க்கவில்லை. வாசலில் காவலாளி கையை விரித்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. உன் காலண்டரைக் கொண்டுபோய் யமுனையில் போடு என்று கத்தினேன். நீ அடுக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாய்.

"கதவைத்தானேடி மூடினாங்க. அவ்வளவு பெரிய கட்டடத்தை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைப்பாங்க?"

ஆட்டோக்காரர் பாலம் தாண்டி எதிர்க்கரைத் தோட்டத்தில் இறக்கிவிட்டார். அங்கே கூட்டமும் இல்லை, வரிசையும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாஜ்மஹால் முழுசாக, நமக்கென்றே நிற்பதுபோல் நின்றது. புல்லில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். ஒரு குரங்கு மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி, முகர்ந்து பார்த்துவிட்டுக் கல்லில் வீசியது. அந்த நசுங்கல் இன்னும் இருக்கிறது. பிற்பாடு எத்தனையோ முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன். ஆனாலும் எனக்குத் தாஜ்மஹால் என்றால் அன்றைக்குப் பார்த்ததுதான்.

பங்குனியில் நீ போனதிலிருந்து உன் மகள் அடிக்கடி போன் செய்கிறாள். நான் தமிழில் பேச, அவள் இங்கிலீஷில் பதில் சொல்ல, உனக்குத் தெரியாததா. டெல்லிக்குச் சேர்ந்து போய்வரலாம் என்று நீ வருஷா வருஷம் கூப்பிட்டாயாம், அவள் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றாளாம். இனிமேல் போனால் அம்மா கூட இருக்கமாட்டாளே, வெறும் கல்லைத்தான் பார்த்துவிட்டு வருவேனா என்று கேட்டாள். எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. டிசம்பரில் லீவு போடு, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க அவள் ஏற்பாடு செய்து அனுப்பினாள். நீ பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். ஒரு நாளைக்கு ஒரு ஊர் என்று சொல்லிப் பாதியை வெட்டினேன். ஆக்ராவை மட்டும் வேறு நாளுக்கு மாற்றினேன். உடனே போன்.

"ஆன்ட்டி, இட்ஸ் க்ளோஸ்டு ஆன் ஃப்ரைடேஸ்."

"தெரியும்டி கண்ணு. நீ வா."

காரணம் சொல்லவில்லை. உன் பக்குவம் எனக்கு வருகிறதா என்று பார்க்க இன்றைக்கே ஒரு முறை புளி கரைத்து அடுப்பில் ஏற்றியிருக்கிறேன். பெருங்காயம் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன். டிசம்பரில் எதிர்க்கரைப் புல்லில் அவளை உட்காரவைத்து, இந்த நசுங்கின மூடியைத் திறந்து, நீ சொன்னதை அப்படியே சொல்வேன். கதவைத்தானேடி மூடினாங்க.