பன்னிரண்டு நடப்பு

கார்த்திகை 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் கணுக்கால் சேறு. கூரையில் இரண்டு ஒழுக்கு. ஒன்றுக்குச் சட்டி வைத்தேன், இன்னொன்றுக்கு நானே நகர்ந்து உட்கார்ந்தேன்.

எனக்கு எழுத்து தெரியாது. சொல்வது நான், எழுதுவது பக்கத்து வீட்டு முனியம்மாவின் மகள் வள்ளி. நான் "வந்துச்சு" என்றால் "வந்தது" என்று எழுதுகிறாள். பேசுகிற மாதிரி எழுதினால் வாத்தியார் காதைத் திருகுவாராம். சரி, காது அவளுடையது.

எதற்கு இந்த நோட்டு? என் வாயில் இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது. காகிதத்துக்குப் போனதும் மாறிவிட்டது. ஆகவே எனக்கும் ஒரு காகிதம்.

நடந்தது இது. போன வியாழக்கிழமை கிராணி பள்ளிக்கு வந்தார், தோட்டத்து ஆபீசில் எழுதுகிறவர். பிள்ளைகளின் வயதைப் பட்டியல் போடச் சொல்லித் துரையின் உத்தரவு. பன்னிரண்டுக்குக் கீழ் பள்ளிக்கூடம், பன்னிரண்டு ஆனால் வேலை. பிறந்த காகிதம் ஒருவரிடமும் இல்லை. தாய்மார் வாயைக் கிராணி நம்பவில்லை, பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள வயதைக் குறைப்பார்களாம். பஞ்சாங்கத் தாத்தாவைக் கூப்பிடுங்கள் என்றார்கள். அது நான்தான். இந்தத் தோட்டத்தில் யார் எப்போது பிறந்தார், யார் எந்தக் கப்பலில் வந்தார், யாருக்கு யார் முறை, எல்லாம் என்னிடம் கேட்பார்கள்.

போனேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனேன், அந்தப் பெருமையையும் எழுது. பத்தொன்பது பிள்ளைகளுக்கும் சொன்னேன்:

சோலையின் மகன் — துரையின் நாயைப் புலி தூக்கிய மாதம். எட்டு.
கருப்பாயியின் இரட்டைகள் — ரயிலில் மாடு அடிபட்ட மறுநாள். ஏழு, ஏழு.
வள்ளி — இரண்டாம் நம்பர் காட்டில் முதல் ரப்பர் பால் வெட்டிய வருடம், ஆடிப்பெருக்கு கழிந்து மூன்றாம் நாள். பன்னிரண்டு.

பன்னிரண்டு நடப்பு. போன ஆடியில் பதினொன்று முடிந்து இப்போது பன்னிரண்டு நடக்கிறது. நாங்கள் அப்படித்தான் எண்ணுவோம், தொட்டிலில் கிடக்கும்போதே ஒன்று நடக்கிறது என்போம். "நடப்பு" என்ற சொல்லை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. வேறு எப்படி எண்ணுவார்கள்?

கிராணி 12 என்று எழுதிக்கொண்டார். மற்ற பதினெட்டுப் பேருக்கும் ஒன்று கூடியதில் நட்டமில்லை. விளிம்பில் நின்றவள் இவள் ஒருத்தி.

இன்று காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணுகிற வரிசையில், பேர் கூப்பிட்டார்கள். புல் வெட்டும் கூட்டத்தில் வள்ளி. முனியம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது சாயந்தரம், இவள் உள்ளங்கையில் கொப்புளம் மூன்று. எழுத வேண்டாம் என்றேன். எழுதாவிட்டால் எழுத்து மறந்துவிடும் என்கிறாள்.

கார்த்திகை 5, செவ்வாய்

மழை விட்டுவிட்டுப் பெய்தது. பல்வலி. கிராம்பு தீர்ந்துவிட்டது.

உட்கார முடியவில்லை. ரயில் பாதை வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். லாபிஸ் பக்கமிருந்து வண்டி ஒன்று வந்து போனது. பீடி பற்றவைத்து இரண்டு இழுப்பில் அணைத்தேன். அப்புறம் ஆபீசுக்கு.

கிராணியிடம் நடப்பு, முடிந்தது இரண்டையும் விரல் விட்டுக் காட்டினேன். கெட்ட மனிதர் இல்லை, ஸ்டூலைக் காலால் தள்ளி உட்காரச் சொன்னார். அவர் சொன்னதன் சுருக்கம்: எண்ணுகிற முறையே தப்பு என்றால் இந்தப் பெண்ணுக்கு மட்டும் தப்பாகாது, பத்தொன்பதும் தப்பு. துரை பட்டியலையே கிழிப்பார். புதுப் பட்டியல் வரும்வரை நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லாம் பெரட்டுக்கு வரவேண்டும் என்பார். ஏற்கெனவே இந்தப் பள்ளிக்கூடம் அவர் கண்ணில் முள்.

அது உண்மை. பள்ளிக்கூடம் தோட்டத்துடையது அல்ல. எல்லைக் கல்லுக்கு வெளியே, கோயில் நிலத்தில் நாங்களே மரம் வெட்டி, அத்தாப்பு ஓலை வேய்ந்து கட்டியது. வாத்தியாரைப் பத்து பாகாட் ஊரிலிருந்து நாங்களே கூட்டிவந்தோம். அவர் சாப்பிடுவது எங்கள் பிடி அரிசி.

எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். கிராணி பின்னாலிருந்து சொன்னார்:

"ஒரு வழி இருக்கு பெரியவரே. எண்ணுனது சரி, இந்த ஒரு புள்ளைக்கு மட்டும் நீங்க வருஷத்த மறந்துட்டீங்கன்னா, ஒரு வரியத்தான் திருத்தணும். துரை முன்னால நீங்களே சொல்லணும். சனிக்கிழமை பட்டியல் சிங்கப்பூருக்குப் போயிரும். அதுக்கப்புறம் என் கையில இல்ல."

நான் மறந்ததில்லை. எதையும்.

கார்த்திகை 6, புதன்

வெயில். எல்லா வீட்டு வாசலிலும் துணி. என் வேட்டியைக் கோழி மிதித்துவிட்டது.

பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவேண்டாம் என்று நினைத்துப் போனேன். வாய்ப்பாடு கேட்டது. சின்ன வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க வள்ளி இல்லாமல் வாத்தியாரே தொண்டை கிழியக் கத்துகிறார். நாலாம் வகுப்பில் இருந்தது இவள் ஒருத்திதான். அவள் உட்காரும் பலகையில் இப்போது யாரோ குடை காயவைத்திருக்கிறார்கள்.

வாத்தியார் வெளியே வந்தார். என்ன செய்யலாம் என்று அவரும் என்னைக் கேட்டார். படித்தவர், என்னைக் கேட்கிறார்.

மத்தியானம் சின்னப்பன் வந்தான். நானும் அவனும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அவன் மகனுக்கு லாபிஸில் பெண் பார்த்திருக்கிறார்கள், பங்காளி முறை வருமோ என்று சந்தேகம். வராது என்றேன். பெண்ணின் தாத்தா யார், அவருக்கு அக்காள் எத்தனை பேர், யாரை எங்கே கட்டிக்கொடுத்தார்கள், எல்லாம் சொன்னேன். வெற்றிலை வைத்துக் கொடுத்துவிட்டு, உங்கள் வாய் இருக்கும்போது எங்களுக்குப் பத்திரம் எதற்கு என்று சொல்லிப் போனான்.

அந்த வெற்றிலையை மடித்தபடியே வைத்துவிட்டேன்.

வள்ளி புல் வெட்டும்போது வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வெட்டுகிறாளாம். கங்காணி, எந்தச் சாமிக்கு மந்திரம் என்று கேட்டானாம். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டுச் சாமிக்கு என்றாளாம். இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எழுது, சிரித்ததையும் எழுது.

கார்த்திகை 8, வெள்ளி

நேற்று எழுதவில்லை. நாள் முழுவதும் மழை, வள்ளிக்குக் காய்ச்சல். இன்று பரவாயில்லை, வேலைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பிடி அரிசி எடுக்கிற நாள். எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் உலைக்கு அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து மண்சட்டியில் போட்டுவைப்பார்கள். வெள்ளிதோறும் ஒரு வீட்டுக்காரர் சாக்கோடு வந்து சேர்த்துப் போய் வாத்தியாரிடம் கொடுப்பார். இந்த வாரம் கருப்பாயி முறை.

அவள் முனியம்மா வீட்டைத் தாண்டிப் போகப் பார்த்தாள். முனியம்மா சட்டியோடு வாசலில் நின்றாள். சட்டி நிறைய.

உன் பிள்ளைதான் போகவில்லையே என்று கருப்பாயி கேட்டாள். குத்தலாக இல்லை, சங்கடமாகத்தான்.

"அரிசிக்கும் வயசு கேக்குறாங்களா?" என்றாள் முனியம்மா. கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அடுத்த வாசலில் இருந்தேன். என்னிடம் சொன்னதல்ல. ஆனாலும் அதற்கப்புறம் என் இடத்தில் நான் இருக்க முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மண்வெட்டியை எடுத்தேன், வெட்ட ஒன்றும் இல்லை. ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கப் போனேன். தண்ணீர் தண்ணீர் அளவுதான் இருந்தது.

யோசித்தவை:
மறந்தேன் என்றால் இவள் பள்ளிக்குப் போவாள்.
மறந்தேன் என்றால் அடுத்த நாளிலிருந்து நான் சொல்வது எதுவும் நிற்காது.
நடப்பு என்று உண்மையைச் சொன்னால் பத்தொன்பது பேரும் புல்லுக்கு.
பேசாமல் இருந்தால் என் பேர் நிற்கும். அந்தப் பேரை வைத்து என்ன செய்ய?

வள்ளி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "பொய்தானே தாத்தா அது?"

ஆமாம் என்றேன்.

பென்சில் முனையை நக்கிக்கொண்டாள். பிறகு, "அந்த ஆமாவ எழுதவா?" என்றாள்.

எழுது என்றேன். நோட்டை யார் கண்ணிலும் படாமல் அரிசிச் சட்டிக்கு அடியில் வை.

கார்த்திகை 9, சனி

மூட்டம். மழை இல்லை.

பெரட்டுக் களம். துரை குதிரை மாதிரி நிற்பார், ஒரு காலை மாற்றி ஒரு காலில். கிராணி பக்கத்தில், பட்டியலோடு. எல்லோரும் வாளியும் கத்தியுமாக வரிசையில். நான் முன்னால் போய் நின்றேன். துண்டு இடுப்பில்.

முனியம்மா மகள் விஷயத்தில் வருடத்தை மறந்துவிட்டேன் என்றேன். இரண்டாம் நம்பர் காட்டில் முதல் வெட்டு வெட்டிய வருடம் அல்ல, அதற்கு மறு வருடம், கோயில் கிணறு வெட்டிய வருடம்தான் பிறந்தாள் என்றேன். கிராணி அதைத் துரைக்கு அவர் பாஷையில் சொன்னார்.

துரை ஏதோ கேட்டார். கிராணி என் பக்கம் திரும்பி, அப்போது எத்தனை என்றார்.

பதினொன்று.

வரிசைக்குள்ளிருந்து ஒருவன், "பஞ்சாங்கம் கிழிஞ்சிருச்சுடா" என்றான். யார் என்று எனக்குத் தெரியும், எழுத வேண்டாம். சிரித்தார்கள். துரையும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

பிறகு துரை தாயைக் கூப்பிடச் சொன்னார். முனியம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. நாளும் கிழமையும் அவளுக்கும் தெரியும், பெற்றவள். இவள் பிறந்த அன்றைக்கு மருத்துவச்சியைத் தேடி ஆறாம் மைல் கட்டைக்கு ஓடியவன் நான். கிராணி கேட்டார், எந்த வருடம் என்று.

வாளியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், ஐந்து நாளைக்கு அப்புறம்.

"அண்ணன் சொன்னதுதாங்க," என்றாள்.

கிராணி ஒரு வரியை அடித்து 11 என்று எழுதினார். இவளுக்கு முடிந்த வயது பதினொன்றுதான். நான் உண்மையைச் சொன்னபோது காகிதத்தில் பொய் ஏறியது. பொய்யைச் சொன்ன பிறகு உண்மை ஏறியிருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? கிராணி பேனாவை மூடும்போது என்னைப் பார்த்து ஒரு கணம் கண்ணைத் தாழ்த்தினார். அவருக்குத் தெரியும்.

அங்கிருந்து திரும்பினேன். வேகமாகத்தான் நடந்தேன்.

கார்த்திகை 10, ஞாயிறு

சின்னப்பன் வந்தான். வெற்றிலை இல்லை. அந்தப் பங்காளி விஷயத்தைக் காஹாங் ஊரில் ஒரு பெரியவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பார்க்கிறானாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. நேத்து மறந்தவரு புதன்கிழமை மட்டும் மறக்காமயா இருந்திருப்பீங்க?"

போய்க் கேள் என்றேன். காஹாங் பெரியவர் அந்தக் குடும்பத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. அதையும் நான் சொல்லவில்லை.

ஆண்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக் கூரை பழுது பார்க்கப் போனார்கள். நானும். ஏணியைப் பிடித்தேன். அத்தாப்பு எத்தனை கட்டு போன முறை வாங்கினோம் என்று ஒருவன் கேட்டான், என்னைக் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். அவன் அறுபதா எண்பதா என்று இழுத்தான். எழுபத்திரண்டு. வாயைத் திறக்கவில்லை. ஏணியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முனியம்மா எங்கள் வீட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு அனுப்பினாள். உப்பு கூடுதல். முழுவதும் சாப்பிட்டேன்.

கார்த்திகை 11, திங்கள்

காலையில் மழை, ஏழு மணிக்குத் தூறலானது.

வள்ளி பள்ளிக்கூடம் போனாள். தலைக்கு எண்ணெய் வைத்து, வாழை இலையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் தாவித்தாவி. எல்லைக் கல் வரை பின்னால் போனேன். எனக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது என்று எழுது.

பலகையில் இருந்த குடையை வாத்தியார் எடுத்துவிட்டாராம்.

பத்து மணிக்குக் கிராணி சைக்கிளில் வந்தார், கூடவே துரையின் மச்சான், ஊருக்குப் புதியவர். கோயில் கிணறு எப்போது வெட்டியது என்று அவருக்குத் தெரியவேண்டுமாம். கிராணி கேட்டார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

நாளும் மாதமும் நாக்கு நுனியில். தோண்டியவர் ஆறு பேர், பெயர் சொல்வேன். சொன்னால் சனிக்கிழமை மறந்தது பொய்யாகிவிடும்.

"ஞாபகம் இல்லீங்க," என்றேன்.

வாசலில் நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள், பாவம் என்கிற மாதிரி. சைக்கிள் போய்விட்டது.

வள்ளி, இப்போது எழுது. கோயில் கிணறு: மாசி, வளர்பிறை, ஒன்பது நாள் வேலை, பதினெட்டு முழத்தில் தண்ணீர். நீ பிறந்தது அதற்கு முந்தின வருடம். ஆடி இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம். அன்றைக்கு மழை இல்லை. மருத்துவச்சியின் பெயர் சீனியம்மா. உன் அம்மா கத்தவில்லை, நீதான் கத்தினாய். சின்னப்பன் மகனுக்கும் லாபிஸ் பெண்ணுக்கும் பங்காளி முறை கிடையாது, இதைத் தனி வரியில் எழுது. அத்தாப்பு எழுபத்திரண்டு கட்டு. நாங்கள் வந்த கப்பலில்…

வாத்தியாருக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைப் பத்துத் தடவை எழுதிக்கொண்டு போகவேண்டுமாம். இன்றைக்கு இவ்வளவு போதும் தாத்தா என்கிறாள். சரி, போ.