வெட்டாமல் விட்ட பதினாறு பக்கங்கள்

தறிக்குழிக்குள் காலை வைத்துக்கொண்டே கொலைக்கதை யோசித்த என் அருமை மாமாவுக்கு,

நீங்கள் போய் இருபது நாளாகிறது. அக்கா இப்போதுதான் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். உங்களிடம் சொல்லாமல் மறைத்த ஒன்றை, பத்திரிகையில் நான் மதிப்புரை எழுதும் இதே பக்கத்தில் ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் முதல் நாவல் எடப்பாடியிலிருந்து சேலத்துக்கு என் கைக்கு வந்தபோது எனக்கு ஒரே பயம். அக்கா புருஷனைத் தூக்கிவைத்து எழுதிவிட்டான் என்று நாலு பேர் சொல்லிவிட்டால்? அந்த வீம்பில் போடு போடென்று போட்டேன். கொலைகாரன் கணக்குப்பிள்ளை என்பது மூன்றாம் அத்தியாயத்திலேயே வெட்டவெளிச்சம் என்று எழுதினேன். ஆனால் கடைசிப் பதினாறு பக்கம் அச்சகத்து மடிப்புப் பிரியாமல் இருந்தது. கத்தியால் வெட்டித்தான் படிக்க வேண்டும். தெரிந்த முடிவுதானே என்று விட்டுவிட்டேன். என்ன திமிர் எனக்கு!

அந்த வாரமே வந்தீர்கள். முகத்தில் கோபமே இல்லை.

"ஏனுங்க மாப்ள, கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"படிச்சனுங்க மாமா."

"செரிங்க, அப்ப எனக்குத்தான் எழுதத் தெரியல" என்றீர்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போனீர்கள். அதற்குப் பின் ஒரு வரி எழுதவில்லை. என் புளுகு அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா மாமா?

கருமாதி முடிந்து வந்து அந்தப் பக்கங்களை வெட்டினேன். கணக்குப்பிள்ளை கொலைகாரனே அல்ல. ஏழாம் அத்தியாயத்தில் என் கண்முன்னாலேயே கொலையை நடத்திக் காட்டியிருக்கிறீர்கள், நான்தான் பார்க்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அக்காவிடம் ஓடி, நீயாவது முடிவைப் படித்தாயா என்று கேட்டேன். "நீ எழுதுனதப் பாத்துப்போட்டு நான் அந்தப் பொஸ்தகத்தத் தொடவே இல்ல சாமி. அவுங்களும் படின்னு சொல்லல" என்றாள். ஒரே வீட்டில் இருந்தவளைக்கூடப் படிக்கவிடாமல் செய்துவிட்டேனே! இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். பாதி தாண்டிவிட்டாள். நேற்று, "கணக்குப்பிள்ளதான், எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரித்தாள். நீங்கள் போனபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவள் படித்து முடிக்கும்வரை இந்தப் பக்கத்தை அவள் கண்ணில் காட்ட மாட்டேன்.

இனி எந்தப் புதியவர் கதையையும் கடைசித் தாள் வரை வெட்டிப் படிக்காமல் பேனாவைத் தொட மாட்டேன். உங்கள் கொலைகாரன் யாரென்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். தெரிய வேண்டியவர்கள் உங்களிடமே வரட்டும்.

இருந்தபோது உண்மை சொல்லத் துணியாத,
உங்கள் மச்சினன்