பூங்கொத்து கொடுத்துவிட்டார்கள், அக்கா

அக்கா, என் காரின் பின்சீட்டில் உங்கள் பூங்கொத்து நேற்றிலிருந்து கிடந்து நாறுகிறது. பக்கத்திலேயே கழுவாத சாம்பார் வாளி. நீங்கள் இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, கண்ணாடியை இறக்கடி!" என்று கத்தியிருப்பீர்கள்.

இங்கே அமெரிக்காவில், சன்னிவேலில் உங்கள் மகன் வீட்டுக்கு நான் சமைக்க வந்த முதல் நாள், நீங்கள் கரண்டியை வாய்க்கு நேரே பிடித்து, "வணக்கம் நேயர்களே, இன்று வெண்டைக்காய் கருகிவிட்டது" என்றீர்கள். லண்டன் தமிழ் டிவியில் சனிக்கிழமைதோறும் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன முகம் நீங்கள் என்று உங்கள் மருமகள்தான் பிறகு சொன்னாள். அங்கே கடைத்தெருவில் உங்களை நடக்கவிட மாட்டார்களாம். தலை நரைத்ததும் 'கௌரவ ஆலோசகர்' என்று ஒரு பட்டம் கொடுத்து, உங்கள் நாற்காலியில் முதலாளியின் மருமகளை உட்காரவைத்துவிட்டார்கள்.

"டிவிக்காரம்மா, உப்பு போதுமான்னு நேயர்களைக் கேட்டுச் சொல்லுங்க" என்று நான் சீண்டாத நாள் உண்டா? அத்தனை பேர் பார்க்கப் பயமில்லாமல் எப்படிப் பேசினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். உங்கள் இலங்கைத் தமிழில் சொன்னீர்கள்:

"கமராவோட ஆர் கதைச்சது? அதுக்கு அங்கால ஒருத்தி சோறு வடிச்சுக்கொண்டு நிக்கிறாள். அவளோட மட்டும் கதைக்கிறது."

"நானாக்கா அது?"

"பின்ன!"

தமிழ்ச் சங்கத்தார் பொங்கல் விழாவைத் தொகுத்து வழங்கக் கூப்பிட்டபோது உங்களுக்குப் பத்து வயது குறைந்தது. மாம்பழ நிறப் பட்டுப்புடவையை வெளியே எடுத்தீர்கள். நான் சோறு வடிக்க, எதிரே நின்று ஒத்திகை பார்த்தீர்கள். விழாவன்று மைக், ஸ்பான்சரின் மகள் கையில் இருந்தது.

"ஆன்ட்டி, க்ரவுட் எல்லாம் யங்கா இருக்கு. நீங்க முன்வரிசைல ஜம்முனு உக்காருங்க, உங்களை ஹானர் பண்றோம்" என்றார் செயலாளர். ஹானர் என்றால் ஒரு பூங்கொத்து.

என் காரில் திரும்பும்போது, "என்னக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி பூவோட வர்றீங்க?" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"பூ தந்தா வீட்டை போ எண்டு அர்த்தமடி. லண்டனிலயும் இப்பிடித்தான்."

அடுத்த பொங்கலுக்கு நீங்கள் இல்லை.

நேற்று உங்களுக்கு இரங்கல் கூட்டம். சாப்பாடு என்னுடையது. அதே செயலாளர் போனைப் பார்த்துப் படித்தார்: "நம்ம விழாவை ஹோஸ்ட் பண்ணச் சொல்லி எவ்வளவோ கேட்டோம். தன்னடக்கம், மாட்டேன்னுட்டாங்க." உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும்.

கரண்டியை வைத்துவிட்டு முன்னால் போய் நின்றேன். கூட்டத்தைப் பார்க்கவில்லை அக்கா. முன்வரிசையில் இருந்த உங்கள் பேத்தியை மட்டும் பார்த்தேன்.

"பாப்பா, உங்க அப்பம்மா மாட்டேன்னு சொல்லல. பட்டுப்புடவை கட்டிட்டு வந்து நின்னாங்க. இவங்கதான் மைக்கைக் குடுக்கல."

"ஐ நோ," என்றாள் அவள். "ஷி க்ரைட்."

அது எனக்குத் தெரியாது அக்கா. என்னிடம் நீங்கள் அழவில்லை.

பந்தி முடிந்ததும் செயலாளர் பல்லெல்லாம் தெரிய வந்தார். "சித்திரை விழாவுக்கு வேற கேட்டரிங் பாத்துட்டோம், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி, உங்கள் படத்தின் முன்னால் இருந்த பூங்கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அர்த்தம் தெரிந்த பூ. வாங்கியதும் சிரித்துவிட்டேன், கொழுப்பு என்று நினைத்திருப்பார்.

நாளைக்கு வேறொரு வீட்டில் சோறு வடிக்க வேண்டும். வடிக்கும்போது பழக்கத்தில் நிமிர்ந்துவிடுகிறேன் அக்கா. எதிரே யாரும் பேசுவதில்லை.