கை கனமாகிவிட்டதாம்

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் கிளாஸ். லேடீஸ் பேட்ச் நிரம்பி வழிகிறது. கிரணும் நானும் காட்டுப்பாக்கத்தில் இந்த ஸ்டூடியோவை ஆரம்பித்தபோது, சல்சா ஆட இத்தனை பெண்கள் வருவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். சுவரோரமாக பிளாஸ்டிக் சேரில் அம்மாக்கள். அவர்கள் போட்ட சட்டம் ஒன்றுதான்: பொண்ணு ஆடலாம், ஆம்பளை கையைப் பிடிக்கக் கூடாது. ஜோடி டான்ஸுக்கு வந்துவிட்டு இப்படி ஒரு கண்டிஷன்!

"அப்போ நீ லீடர் பார்ட் கத்துக்கோ மதி. இல்லன்னா கிளாஸே ஓடாது" என்றான் கிரண். கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் ஆம்பளை. இடது உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டுவேன், அவர்கள் விரல்களை அதில் மாட்டிக்கொள்வார்கள். வலது கை அவர்கள் முதுகில், தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்தக் கைதான் சொல்லும். பிடிக்கவும் கூடாது, இழுக்கவும் கூடாது.

மேடையில் மட்டும் நான் ஃபாலோயர், லீடர் கை சொல்கிற பக்கம் போகிறவள். கிரணின் ஜோடி. ஏப்ரலில் வடபழனியில் போட்டி இருக்கிறது. அதற்காகத்தான் காத்திருக்கிறேன். ஒருத்தன் கையை நம்பி, கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிற அந்தச் சுகத்துக்காகத்தானே நான் இந்தக் கருமத்தையே கற்றுக்கொள்ள வந்தேன்?

ஜனவரி 23, வியாழன்

பிராக்டிஸில் பாதிப் பாட்டில் நிறுத்தினான்.

"நீ ஃபாலோ பண்ணல மதி. நான் கையத் தூக்குறதுக்கு முன்னாடியே சுத்திட்டு நிக்கிற. கை வேற கனமாயிடுச்சு. ஆம்பளை கை மாதிரி."

ஆம்பளை கை மாதிரியாம். ஆக்கினது யாருடா? வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபிறகு நல்ல நல்ல வார்த்தையாக வருகிறது. என்ன பிரயோஜனம்?

ஜனவரி 24

இடது கையை இன்று பத்து தடவையாவது பார்த்திருப்பேன். கனமாகவா இருக்கிறது?

பிப்ரவரி 2, ஞாயிறு

போட்டிக்கு அவனோடு கிருஷ்ணப்பிரியா ஆடப் போகிறாளாம். கிளாஸ் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடும்.

கிருஷ்ணப்பிரியா நூம்பல் பெண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இங்கே வந்தபோது இடது கால் எது வலது கால் எது என்று தெரியாது. என் கையில்தான் நடந்தாள், என் கையில்தான் சுற்றினாள். இப்போது என் விரல் லேசாக மேலே போனாலே திரும்பிவிடுவாள். அவ்வளவு அருமையாக ஃபாலோ பண்ணுகிறாள். அதனால்தான் அவனுக்கு வேண்டுமாம். நான் சமைத்து வைத்தேன், அவன் சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு வருத்தம் இல்லியே மதி?" என்று போகும்போது கேட்டான். இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று ஒரு வேடிக்கை. கிருஷ்ணப்பிரியாவின் அம்மா லோகநாயகி சேரை விட்டு எழுந்து நேராகக் கிரணிடம் போனாள்.

"மேடையில எங்க பொண்ணு கையப் புடிக்கப் போறியாமே? நூம்பல்ல நாங்க தலை நிமிந்து நடக்க வேணாமா? எங்க ஆளுங்க பாத்தா இன்னா பேசுவாங்க?"

மனசுக்குள் விசில் அடித்தேன். நன்றாகக் கேளுங்கள் அம்மா! "வேணும்னா மதி கூட ஆடட்டும், அது நம்ம பொண்ணு" என்று வேறு சொன்னாள். ஜோடியில் ஆணும் பெண்ணும்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது, ஒரு லீடர் ஒரு ஃபாலோயர், அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் கிரண் அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். வெளியே வரும்போது இருவர் முகத்திலும் சிரிப்பு.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூ வைத்துவிட்டார்கள். கிரணுக்கும் கிருஷ்ணப்பிரியாவுக்கும்.

அன்றைக்கு ஆபீஸ் ரூமில் விசாரித்ததில் இரண்டு குடும்பமும் ஒரே ஜாதி என்று தெரிந்ததும் லோகநாயகிக்கு வாயெல்லாம் பல்லாம். "கையப் புடிக்கணும்னா பூ வச்சிட்டுப் புடி" என்றாளாம். இவனும் சரி என்றானாம். போட்டிக்குப் பெயர் கொடுப்பது போல ஒரு கல்யாணம். வைகாசியில் முகூர்த்தம்.

அம்மாவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. எங்கள் முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் சேதி வந்துவிட்டது. சோற்றைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னாடி, அவன் பூ வச்சிட்டானாமே? அத்தினி வருசமா உன் கையப் புடிச்சிகினு சுத்தினானே, அதுக்கு இன்னா பேரு?"

"அதுக்குப் பேரு டான்ஸும்மா."

"டான்ஸாம் டான்ஸு. நாலு பேரு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. ஒருமுறை கேட்டும் இருக்கிறேன். "டான்ஸ் வேற, வீடு வேற மதி" என்றான். அந்தப் பெண்ணுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகிவிட்டது. வயிறு எரிகிறது. எரியட்டும்.

மார்ச் 6, வியாழன்

கிரண் கூப்பிட்டான். குரலில் தேன் ஒழுகியது. "பிரியா ஏதோ மாதிரி ஆடுறா. உன் கூட ஆடும்போது நல்லா வர்றா, என் கூட வந்தா தடுமாறுறா. நீ ஒரு தடவை என் கூட ஆடிப் பாத்துச் சொல்லேன்."

போயிருக்கக் கூடாது. போனேன். அவன் கையில் கையை வைத்தேன். இந்த முறை ஒரு முடிவோடு வைத்தேன்: அவன் சொன்னால் மட்டும் நகர்வது, சொல்லாவிட்டால் நிற்பது.

நின்றேன்.

பாட்டு ஓடுகிறது. அவன் ஸ்டெப் போடுகிறான், தோளைக் குலுக்குகிறான், கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்கிறான். முதுகில் இருக்கிற கை ஒன்றுமே சொல்லவில்லை. சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருப்ப வேண்டிய இடம் வந்ததும் திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். கட்டை விரல் நரம்பில் அழுந்தி உயிர் போயிற்று.

இவனுக்கு லீட் பண்ணத் தெரியாது. எப்போதுமே தெரியாது. பாட்டும் ஸ்டெப்பும் எனக்கு மனப்பாடம் என்பதால் நானே போய் நானே சுற்றி நானே வந்து நின்றிருக்கிறேன். ஊரே கிரண் மாஸ்டர் என்னமாய் ஆட்டுகிறார் என்றது. நானும் நம்பினேனே! கண்ணை மூடிக்கொண்டு யார் கையை நம்பினேன்? ஒருத்தர் கையையும் இல்லை. நானேதான் சுற்றிக்கொண்டிருந்தேன். முந்திப் போகிறாயாம். முந்திப் போகாவிட்டால் விடிய விடிய அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

சொன்னேன். இங்கே எழுதியது போலத்தான், கொஞ்சம் மரியாதையாக. அவன் முகம் கறுத்துவிட்டது.

"பொறாமைல பேசாத மதி."

பொறாமை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லையே. அதற்காகச் சொன்னது பொய்யாகிவிடுமா? செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்தப் படி ஏறமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று வடபழனியில் போட்டி. நான் போகவில்லை. முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டார்களாம். கிருஷ்ணப்பிரியா போனில் அழுதாள்.

"நான் கனமா இருக்கேனாம் அக்கா. முந்திப் போறேனாம். எல்லாரும் நிக்கிறாங்க, அங்கயே கத்துறாரு. அக்கா, அவரு கை என்ன சொல்லுதுன்னே எனக்குப் புரியல."

சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். வரவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி யோசிச்சுக்கோடி" என்றேன். "பத்திரிகை அடிச்சாச்சு அக்கா" என்றாள்.

ஜூன் 6

கல்யாணம். போகவில்லை. ரிசெப்ஷனில் ஜோடியாக ஆடினார்களாம், வீடியோ வந்தது. பார்க்காமல் அழித்தேன். பொய். பார்த்துவிட்டுத்தான் அழித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

எங்கள் மொட்டை மாடி ஷீட்டுக்குக் கீழே லேடீஸ் பேட்ச் ஆரம்பித்துவிட்டேன். அம்மா திட்டிக்கொண்டே பாய்களைச் சுருட்டி இடம் ஒதுக்கித் தந்தாள். பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து சில பெண்கள் வந்தார்கள், சேர் போட்டு உட்கார அவரவர் அம்மாவும் வந்தார்கள். என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை நடக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

கிளாஸ் பாதியில் இருக்கும்போது மாடிப்படியில் லோகநாயகி. பின்னால் கிருஷ்ணப்பிரியா. ஆடி மாசத்துக்காகப் பெண்ணை நூம்பலுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். லோகநாயகி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊட்ல சும்மா குந்திகினு சுவத்தப் பாத்துகினு கீது. இன்னான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்னுது. கொஞ்ச நேரம் ஆடட்டும்மா" என்றாள். போய் ஒரு சேரில் உட்கார்ந்துகொண்டாள்.

பெண் இளைத்திருக்கிறாள். புதுத் தாலியின் மஞ்சள் கழுத்தில் பிடித்திருந்தது. விரல்களை என் கையில் வைத்தாள். முதுகில் கையை வைத்ததும் அப்படி ஒரு இறுக்கம். எப்போது இழுப்பார்களோ என்று பயந்துகொண்டே நிற்கிற உடம்பு. அவசரப்படாமல் நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருந்தோம். பாட்டு முடியும் நேரத்தில்தான் தோள் இறங்கியது. அடுத்த பாட்டில் கண்ணை மூடிக்கொண்டாள். சுற்றினாள், வந்தாள், மறுபடியும் சுற்றினாள். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

"அவருக்குத் தெரியுமாடி?"

"தெரியாது. இனிமே ஆட வேணாம்னுட்டாரு. ஆடி மாசம் முடியுற வரைக்கும் வரேன் அக்கா."

சரி என்றேன்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, எங்க எல்லாரையும் நீங்க லீட் பண்றீங்க. உங்கள யாரு லீட் பண்றது?"

யாரும் இல்லடி என்றேன். பாட்டை முதலிலிருந்து போட்டேன்.