எட்டு மணி அத்தை

மார்ச் 3, செவ்வாய்

அண்ணன் மகள் குட்டி, ரிமோட்டை மைக்காகப் பிடித்துக்கொண்டு, "இரவு எட்டு மணிக்கு... காணத் தவறாதீர்கள்!" என்று என்னை மாதிரியே இழுத்துச் சொல்கிறாள். டிவி சேனலில் செய்தி முன்னோட்டம் படிக்கிற நான் அவளுக்கு 'எட்டு மணி அத்தை'. அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

காலையில் நுழைந்ததுமே செய்தி ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார். 'உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஆபத்து! அது என்ன? இரவு எட்டு மணிக்கு.'

"என்ன ஆபத்து சார்?"

"நீயும் எட்டு மணிக்குப் பாரும்மா."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். குரலில் பயம் போதவில்லை என்று திரும்பத் திரும்பப் படிக்கவைத்தார்.

அதே நாள், மருத்துவமனை வராந்தா

குட்டிக்கு வாந்தி, பேதி. மதியம் அண்ணி போன் செய்ததும் ஓடிவந்தேன். இங்கே பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். டாக்டர் சாப்பாட்டைப் பற்றியே கேட்கிறார்.

சுவர் டிவியில் எங்கள் சேனல், என் குரல். மடியில் பிள்ளையைக் கிடத்தியிருந்த ஒருத்தி நர்ஸிடம், "சத்தம் கூட்டுங்கம்மா, என்னமோ ஆபத்துங்கறாங்க" என்றாள்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "என்னன்னு சொல்லு."

"தெரியாது அண்ணி."

"உன் குரல்தானே அது?"

அண்ணி பாட்டிலைத் திறந்து குட்டிக்கு வாய் நனையத் தண்ணீர் கொடுத்தார். காலையில் நான் குழாயில் பிடித்துவைத்த தண்ணீர்.

மார்ச் 6, வெள்ளி

தண்ணீர். ஐயோ, தண்ணீர்!

எங்கள் பகுதிக் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருக்கிறதாம். நேற்று எட்டு மணிக்குச் சொன்னார்கள், விளம்பரமெல்லாம் போட்டுவிட்டு. அண்ணி கையில் அந்தப் பாட்டில் —

அந்தச் செய்தியைக் கொண்டுவந்த நிருபர் தம்பியிடம் கேட்டேன். "ஆய்வறிக்கை காலையிலயே வந்துடுச்சுக்கா. வேற எந்தச் சேனல்கிட்டயும் இல்ல. ஆசிரியர்தான் எட்டு மணி வரைக்கும் வெச்சிருக்கச் சொல்லிட்டாரு."

வெச்சிருக்க அது என்ன நகையா? நாள் பூரா ஆபத்து ஆபத்துன்னு கத்தினேனே... கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு ஒரு வரி சொல்லியிருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும்? பாவிங்க. நானும்தான்.



மார்ச் 9, திங்கள்

ஆபீஸில் கேக் வெட்டினார்கள். அன்றைய எட்டு மணிச் செய்தியைத்தான் இந்த வருடத்திலேயே அதிகம் பேர் பார்த்தார்களாம். "குழந்தை எப்படிம்மா இருக்கு?" என்று செய்தி ஆசிரியர் கேட்டார், நிஜமான அக்கறையோடு. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கையோடு அடுத்த தாள். 'உங்கள் சமையலறையில் ஒரு எமன்!'

என்னவென்று சொன்னால்தான் படிப்பேன் என்று நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே சொன்னார். ஒரு கம்பெனியின் கேஸ் குழாய் வெடிக்கிறதாம். மைக் முன்னால் போய், கம்பெனி பெயரோடு அதை முதல் வரியிலேயே படித்தேன்.

"இப்பவே சொல்லிட்டா எட்டு மணிக்கு எவன் பார்ப்பான்?"

"பார்க்காட்டி போறாங்க சார். உசுரோட இருப்பாங்க."

அதே நாள், மாலை

நான் படித்ததைத் தூக்கிவிட்டார்கள். முன்னோட்டத்தில் வேறு ஒருத்தியின் குரல். நன்றாகவே படிக்கிறாள். எமன் யாரென்று சொல்லவில்லை. தெருவில் வீடு வீடாகப் போய் நானே சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 14, சனி

குட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. தண்ணீர் கேட்டாள். கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தேன். டம்ளரை உதடு வரை கொண்டுபோனவள் நிறுத்திவிட்டாள்.

"குடிக்கலாமா அத்தை?"

"குடிக்கலாம்டி தங்கம்."

அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"இப்பவே சொல்றியா? எட்டு மணிக்கு இல்லையா?"